இரண்டு பஸ் ஒட்டி வந்தால் இரண்டாவதில் ஏறுங்கள்

கேள்வி: வளசரவாக்கத்தில் குடியிருக்கிறேன். மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்குக் கைரேகை வைக்க வேண்டும். மெட்ரோ வேலை தொடங்குவதற்கு முன் எட்டரைக்கு ஸ்டாப்பில் நின்றால் போதும். இப்போது ஏழே முக்காலுக்கே நிற்கிறேன். அப்படியும் சில நாள் ஒன்பதுக்கே போய்விட்டு ஷட்டர் திறக்கக் காத்திருக்கிறேன், சில நாள் பத்துக்குத்தான் போகிறேன். முக்கால் மணி நேரம் ஒரு பஸ்ஸும் இருக்காது, அப்புறம் ஒரே நம்பர் மூன்று சேர்ந்தாற்போல் வரும். இலவசம் என்பதால் பிங்க் பஸ்ஸுக்காகத்தான் நிற்பேன், டீலக்ஸை விட்டுவிடுவேன். மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் அரைநாள் சம்பளம் பிடிக்கிறார்கள். இந்தத் தோண்டல் எப்போது முடியும்? யாரிடம் புகார் சொன்னால் நடக்கும்? பேசாமல் தவணையில் ஒரு ஸ்கூட்டி வாங்கிவிடட்டுமா?
வாசகி, வளசரவாக்கம்

பதில் தருபவர்: பேருந்து இயக்கப் பிரிவில் நேர அட்டவணை போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவற்றைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் கண்ணில் பட்டது: சில நாள் ஒன்பது, சில நாள் பத்து. தினமும் சரியாக ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால் நீங்கள் எட்டு மணிக்குக் கிளம்பி, சலித்துக்கொண்டாவது நேரத்துக்குப் போயிருப்பீர்கள். எனக்குக் கடிதமே வந்திருக்காது. இன்று எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாததால்தான் தினமும் ஒரு மணி நேரத்தைக் கையில் கூடுதலாக எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். அதில் பாதியை ஸ்டாப்பில் கொட்டுகிறீர்கள், மீதியைக் கடை வாசலில்.

முதலில் உங்கள் பாதையைப் பார்த்துவிடுவோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை போடுகிற மெட்ரோவின் நாலாம் வழித்தடத்தை வரைபடத்தில் வைத்து, அதன் மேல் உங்கள் பஸ் பாதையை வரைந்து பாருங்கள். திருமயிலை, ஆழ்வார்பேட்டை, பனகல் பார்க், கோடம்பாக்கம், பவர் ஹவுஸ், வடபழனி, ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம் என்று கிட்டத்தட்ட கோட்டின் மேல் கோடு விழும். போதாக்குறைக்கு உங்கள் வீட்டுப் பக்கம் ஐந்தாம் வழித்தடமும் வந்து சேர்கிறது. ஆலப்பாக்கம் சந்திப்பிலிருந்து ஆழ்வார்திருநகர் வரை சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரே தூணில் மேலும் கீழுமாக இரண்டு ரயில் பாதைகள். வேறு எங்கேயோ நடக்கிற வேலை உங்கள் பஸ்ஸைத் தொட்டுவிட்டுப் போகவில்லை. உங்கள் பஸ் முழுக்க முழுக்க வேலைக்குள்ளேயே ஓடுகிறது. இதில் ஆச்சரியமும் இல்லை. மெட்ரோவை எங்கே போடுவார்கள்? பஸ்ஸில் கூட்டம் பிதுங்குகிற சாலையில்தான். ஆகவே எந்த பஸ் மிக அதிகம் பேருக்குத் தேவையோ அதே பஸ்தான் முதலில் அடி வாங்கும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை, உங்கள் தடத்தின் உண்மைக் கணக்கு அல்ல. ஒரு பஸ் போய்த் திரும்ப 120 நிமிடம் ஆகிறது, அந்தத் தடத்தில் 12 பஸ் ஓடுகிறது என்றால், 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும். சாலையை அடைத்துத் தகரம் நிறுத்துகிறார்கள், போய்த் திரும்ப 180 நிமிடம் ஆகிறது. அதே 12 பஸ்தான் என்றால் இனி 15 நிமிடத்துக்கு ஒன்று. பழையபடி 10 நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமானால் 18 பஸ் வேண்டும். கூடுதல் ஆறு பஸ்ஸை யார் தருவார்கள்? அதற்கு டிரைவர், கண்டக்டர்? மெட்ரோ திட்ட மதிப்பீட்டில் சுரங்கத்துக்கும் தூணுக்கும் பணம் ஒதுக்குகிற மாதிரி, கட்டி முடிக்கும் வரை அந்தச் சாலையில் ஓட வேண்டிய கூடுதல் பஸ்ஸுக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. வேலையில் இருந்த நாளெல்லாம் சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்குவார் இல்லை.

டிரைவரின் பணி நேரம் எட்டு மணி. 120 நிமிடச் சுற்று என்றால் நாலு சுற்று அடிக்கலாம். 180 ஆனால் இரண்டரைக்கு மேல் முடியாது. ஆனால் அட்டவணையில் இன்னமும் நாலு என்றே இருக்கும். கடைசி நடைகள் வெட்டுப்படும். டிப்போவில் இதை டிரிப் கட் என்பார்கள். ஸ்டாப்பில் நிற்கிற உங்களுக்கு அது "இன்னைக்கு பஸ்ஸே வரலை".

ஆனாலும் இது பாதிக் கதைதான். மீதிப் பாதி, மூன்று பஸ் சேர்ந்தாற்போல் வருகிற கதை.

எல்லா பஸ்ஸும் ஒரே இடைவெளியில் கிளம்புகின்றன. ஒன்று மட்டும் எங்கேயோ கிரேன் குறுக்கே வந்து நாலு நிமிடம் நின்றுவிடுகிறது. அந்த நாலு நிமிடத்தில் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிடும். கூட்டம் ஏற அதிக நேரம் பிடிக்கும், பஸ் இன்னும் பிந்தும், அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஸ்டாப்பெல்லாம் காலி. சிட்டாய்ப் பறந்து வந்து முன்னால் போகிறதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். டிரைவர்கள் டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு சேர்ந்து வருகிறார்கள் என்று ஜனங்கள் திட்டுவார்கள். பாவம், அவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தானாகவே அப்படித்தான் ஆகும். நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

மேலே போட்ட உதாரணத்தையே தொடருங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால், அட்டவணை பார்க்காமல் வந்து நிற்கிறவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். 15 நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தால் ஏழரை நிமிடம். அதே பஸ்கள் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு 45 நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தால்? இருபத்திரண்டரை நிமிடம். சாலையைத் தோண்டியது உங்கள் காத்திருப்பில் சேர்த்தது இரண்டரை நிமிடம். பஸ்கள் ஒட்டிக்கொண்டது சேர்த்தது 15 நிமிடம். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் மூன்று என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தக் கணக்குதான் ஓடியது. தோண்டலை யாராலும் நாளைக்கே நிறுத்த முடியாது. ஒட்டுவதைப் பிரிக்க முடியும்.

நான் வேலை பார்த்த ஊரையும் டிப்போவையும் விட்டுவிடுங்கள். அங்கே ஒரு பாலம் கட்டும்போது இதே கூத்து நடந்தது. புதிதாக ஒரு டைம் கீப்பர் வந்தார். பஸ் எத்தனை நிமிடம் லேட் என்று பார்ப்பதையே விட்டுவிட்டார். முன்னால் போன பஸ் கிளம்பி எத்தனை நிமிடம் ஆச்சு என்று மட்டும் பார்ப்பார். பன்னிரண்டு நிமிடம் ஆகவில்லையா, அடுத்ததை விட மாட்டார். டிரைவர்கள் கத்துவார்கள், பயணிகள் படியில் தட்டுவார்கள், அவர் வெற்றிலையை மென்றுகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். கூடுதலாக ஒரு பஸ்கூட வாங்காமல் பத்து நாளில் புகார் பாதியாகக் குறைந்தது. பிறகு அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிட்டது.

சரி, நாளைக் காலை நீங்கள் என்ன செய்யலாம்?

பிங்க் பஸ்ஸுக்காக மட்டும் நிற்பதை விடுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் வருகிற பஸ்ஸில் ஏறக்குறைய பாதி டீலக்ஸ் என்றால், அதை விடும்போது உங்கள் காத்திருப்பை நீங்களே இரண்டு மடங்கு ஆக்கிக்கொள்கிறீர்கள். ஒரு தடவை டீலக்ஸில் போனால் இருபது முப்பது ரூபாய். அரைநாள் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும், பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவசரமில்லை, அப்போது இலவச பஸ்ஸில் வாருங்கள். காலையில் எட்டு மணி தாண்டிவிட்டால் எது வந்தாலும் ஏறிவிடுங்கள். இரண்டு வேளையும் டீலக்ஸ்தான் என்று ஆகிவிட்டால் 1,000 ரூபாய் மாதப் பாஸைக் கணக்கில் எடுக்கலாம்.

மூன்று சேர்ந்து வந்தால் முதல் பஸ்ஸில் தொங்காதீர்கள். கூட்டத்தை அள்ளுகிற வேலை அதற்கு, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அதுதான் நிற்கும். இரண்டாவதில் உட்கார இடம் இருக்கும், பாதி வழியில் முதலாவதை முந்தியும் போகும். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் சென்னை பஸ் செயலியும், 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியும் இதற்கு உதவும். ஆனால் "6 நிமிடத்தில் வரும்" என்று அது சொல்வதை நம்பாதீர்கள். தோண்டிப் போட்ட சாலையில் அந்தக் கணக்கு தப்பும். வரைபடத்தில் பஸ் எங்கே நிற்கிறது, பின்னால் இன்னொன்று ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது, ஒரே பஸ்ஸில் வீட்டிலிருந்து கடை வரை போக வேண்டும் என்ற ஆசை. ஆசை நியாயம்தான், யாருக்கு இறங்கி ஏறப் பிடிக்கும்? ஆனால் இன்றைக்கு அது விலை கூடின ஆசை. வளசரவாக்கத்திலிருந்து வடபழனி வரை ஆற்காடு சாலையில் போகிற எந்த நம்பரும் உங்களுக்கு ஆகும், ஷேர் ஆட்டோவும் ஆகும். லஸ்ஸுக்கு நேரடி பஸ் என்றால் ஒரே ஒரு நம்பருக்காக நிற்கிறீர்கள், வடபழனிக்கு என்றால் வருவதெல்லாம் உங்கள் பஸ். வடபழனியில் இறங்கி மெட்ரோ பிடியுங்கள். 2015 ஜூனில் முதன்முதலில் திறந்த கோயம்பேடு–ஆலந்தூர் பகுதியிலேயே இருக்கிற நிலையம் அது. ஆலந்தூர் போய், பாதை மாறி, சைதாப்பேட்டை, நந்தனம் தாண்டித் தேனாம்பேட்டையில் இறங்கினால் எல்டாம்ஸ் சாலை வழியாக லஸ் பக்கம்தான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்று தோன்றும், தூரமும் கூடத்தான். ஆனால் காலையில் ரயில் ஆறேழு நிமிடத்துக்கு ஒன்று, அதற்குக் குறுக்கே கிரேன் வராது. ஆழ்வார்பேட்டைப் பக்கம் வண்டி நகரவில்லை என்றால் கடைசித் தூரத்தை நடந்தே கடந்துவிடலாம்.

மெட்ரோ கட்டணம் கையைக் கடிக்கும் என்றால் இன்னொரு வழி. கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, அங்கேயே பறக்கும் ரயில் மாறித் திருமயிலை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் லஸ். நேரம் இன்னும் கூடும், செலவு மிகக் குறைவு. ஆனால் கோடம்பாக்கம் வரை தோண்டின சாலையில்தான் வந்தாக வேண்டும். இரண்டு வழியையும் ஒரு வாரம் முயன்று பாருங்கள். எது சராசரியில் வேகம் என்று பார்க்க வேண்டாம். எதில் மோசமான நாளும் நல்ல நாளும் பத்து நிமிடத்துக்குள் அடங்குகின்றன என்று பாருங்கள்.

எப்போது முடியும் என்ற கேள்விக்கு: மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. எல்லாவற்றையும் முடிக்க அரசு சொல்லும் இலக்கு 2028. உங்கள் வீட்டுப் பக்கம் மேம்பாலப் பாதை, அதனால் முதலில் மூச்சு விடுகிற பகுதி அதுதான். கோடம்பாக்கத்துக்குக் கிழக்கே எல்லாம் சுரங்கம், அங்கே பொறுத்துத்தான் ஆக வேண்டும். திருமயிலையில் இரண்டு சுரங்க வழித்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன, கையைக் காட்டி முடிக்கிற வேலை இல்லை. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் 25ஜி பஸ்ஸும் ஒரு காரும் திடீர்ப் பள்ளத்தில் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். சுரங்கம் தோண்டுகிற இடத்துக்கு மேலே மண் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம். தண்டவாளம் போட்டு முடித்த பிறகும் ஓட்டிப் பார்த்து, ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தேதியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நாலாவது ரயில் பாதை போடுவதற்காகக் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் கடைசியில் நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று அறிவிப்பு. மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில், பதினான்கு மாதம் கழித்து. அதனால் எந்தத் தேதி சொன்னாலும் உங்கள் வாழ்க்கைத் திட்டத்தை அதன் மேல் கட்டாதீர்கள்.

புகாருக்கு வருவோம். "பஸ் லேட்டா வருது" என்று எழுதினால் "மெட்ரோ பணி காரணமாக" என்று ஒரு வரியில் பதில் வரும், கோப்பு மூடப்படும். அவர்கள் சொல்வதும் பொய்யாக இருக்காது. ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, ஸ்டாப்பில் நின்ற நேரம், உங்கள் நம்பர் பஸ் வந்த நேரம், ஒட்டி வந்தவை எத்தனை, பக்கவாட்டில் எழுதியிருக்கும் வண்டி எண். பதினான்கு நாள் போதும். கூடவே ஸ்டாப்பில் நிற்கிற இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்று நோட்டு ஒன்றுக்கொன்று சாட்சி. அதை இணைத்து டிப்போ கிளை மேலாளருக்கு ஒன்று, 1100 முதல்வர் உதவி மையத்தில் பதிவு ஒன்று. கேட்க வேண்டியது வேகமான பஸ் அல்ல. வடபழனியில் நிறுத்தி இடைவெளி பிரித்து விடுங்கள், ஓடும் நேரத்தைத் திருத்தி அட்டவணை போடுங்கள், நகர்த்திய ஸ்டாப்புக்கு ஒரு தற்காலிகப் பலகை வையுங்கள். இந்த மூன்றும் கிளை அளவிலேயே பெரும்பாலும் முடிகிற காரியம். கடைசியில் சொன்ன பலகையை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுத அதிகாரிக்கும் ஒரு வழி வேண்டுமே.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு. இன்ன தடத்தில், இன்ன மாதத்தில், தினமும் இயக்க வேண்டிய நடைகள் எத்தனை, இயக்கியவை எத்தனை, வெட்டியதற்குக் காரணம் வாரியாக எண்ணிக்கை என்ன. 30 நாளில் பதில் தர வேண்டும். அட்டவணை போட்ட ஆள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மனு மேசைக்கு வந்தால் பிரிவில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த நோட்டை உங்கள் கடை மேலாளரிடமும் காட்டுங்கள். இரக்கம் கேட்காதீர்கள், ஷிப்டைக் கேளுங்கள். பத்து மணிக்கு வந்து அரைமணி தாமதமாகக் கிளம்புகிறேன் என்றால் கணக்குப் பிரிவில் யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொன்று, வராத நேரத்துக்கு உரிய விகிதத்துக்கு மேல் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பது 1936ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்திலேயே இருந்த கொள்கை, புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மூன்று நாள் தாமதத்துக்கு அரைநாள் என்பது அதற்குள் அடங்குமா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நான் வக்கீல் இல்லை. கேட்டு வைத்துக்கொண்டால் போதும், சண்டைக்குப் போக வேண்டாம்.

ஸ்கூட்டி. பஸ்காரன் என்பதால் நான் இதில் நடுநிலையானவன் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்தச் சாலையில், இப்போது, வேண்டாம் என்பேன். தகரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றரை அடியில், இரும்புத் தகடு மேல் மழைச் சேறு கிடக்கும்போது, முதல் வண்டி ஓட்டப் பழகுவதை நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. 2025 ஜூனில் ராமாபுரம் அருகே மெட்ரோ பாதைக்கான உத்தரம் விழுந்து இறந்தவரும் இருசக்கர வாகனத்தில் போனவர்தான். வடபழனிக்கு உள்தெருக்கள் வழியாக ஓட்டிப் போய் மெட்ரோ நிலைய வண்டி நிறுத்துமிடத்தில் விட்டுவிடுவேன் என்றால் அது வேறு பேச்சு, அதற்கு என் ஆட்சேபம் இல்லை. அதற்கும் முன் அந்த உள்தெருவில் ஒரு நாள் காலை எட்டரைக்கு நடந்து பாருங்கள். ஆற்காடு சாலையில் இடமில்லாத வண்டியெல்லாம் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

நோட்டில் பதினான்கு நாள் சேர்ந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எந்த நேரத்து நடை வெட்டுப்படுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.